அலுமாரியில் உறங்கும் கமெராக்கள்: பாரம் குறைந்த கருவியைத் தேடுவோருக்கு

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் இல்லங்களில் இன்று பெரும்பாலும் ஒரு நல்ல கமெரா இருக்கின்றது. ஆனால் அது இருக்கும் இடம் அலுமாரி. பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கென்றோ, ஊர்ப் பயணத்துக்கென்றோ பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்ட அக்கருவி, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைகளே உறையை விட்டு வெளியே வருகின்றது. எஞ்சிய நாட்களில் நிகழ்பவை படமாகாமலே கடந்து போகின்றன. அல்லது கையடக்கத் தொலைபேசியில் அவசரமாகப் பதியப்பட்டு, ஆயிரம் படங்களுக்குள் ஒன்றாகப் புதைந்து விடுகின்றன. காரணம் கேட்டால் பலரும் கூறும் விடை ஒன்றே: பாரம்.

கமெராவின் தரம் பற்றிய பேச்சில் எடை என்பது எப்போதும் கடைசியாகவே வருகின்றது. அன்றாடப் பாவனைக்கான கருவியைத் தெரிவு செய்வோருக்கு அதுவே முதலாவதாக வரவேண்டும் என்பது எமது கருத்து. அதேவேளை, பாரத்தைக் குறைக்கும்போது நாம் எதனை இழக்கின்றோம் என்பதையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். விளம்பரங்கள் முன்னதைச் சொல்லும், பின்னதைச் சொல்வதில்லை.

ஃப்ரீமான்டும் கமெராவும்

இவ்விடயத்தை ஆராய்வதற்கு ஃப்ரீமான்ட் நகரை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், 1956ஆம் ஆண்டில் ஐந்து சிற்றூர்கள் ஒன்றிணைந்து உருவான நகரம் இது. கணினித் தொழிலை நாடி வந்த தமிழர்கள் கணிசமாக வாழும் இடம். மலையும் சதுப்புநிலமும் பழைய கடைத்தெருவும் கலை விழாக்களும் ஒரே நகருக்குள் அமைந்திருப்பதால், ஒரு கமெராவைப் பல வகையிலும் சோதிக்க ஏற்ற இடமும் ஆகும்.

இதற்கும் மேலாக, கமெராவின் வரலாற்றில் இந்நகருக்கு ஓர் இடம் உண்டு. ஐந்து ஊர்களில் ஒன்றான நைல்ஸில் 1912 முதல் 1916 வரை எஸ்ஸனே திரைப்பட நிறுவனம் இயங்கியது. சார்ளி சாப்ளின் தமது "தி ட்ராம்ப்" என்னும் படத்தை 1915இல் இங்குதான் எடுத்தார். அக்காலத்துக் கமெரா முக்காலியின் மேல் நிறுத்திக் கையாற் சுற்ற வேண்டிய பெட்டி. அதனை நாள் முழுவதும் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதை எவரும் எண்ணியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலாவது எண்முறைக் கமெராவும் பாரமானதே. கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய கருவியின் எடை 3.6 கிலோகிராம். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்தது. பதினைந்து ஆண்டுகளின் பின், 1990இல், கலிபோர்னியாவின் டைகாம் நிறுவனம் கையில் அடங்கும் எண்முறைக் கமெரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனைப் "ஃபோட்டோமேன்" என்ற பெயரில் விற்ற லொஜிடெக் நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகம் அப்போது ஃப்ரீமான்டிலேயே இருந்தது. அக்கருவி கறுப்பு வெள்ளையில் 32 படங்களை மட்டுமே வைத்திருக்கும். மின்கலம் தீர்ந்தால் படங்களும் அழிந்துவிடும்.

இக்குறையை நீக்கியவை நினைவட்டைகள். பின்னாளில் அயல் நகரான மில்பிட்டாஸில் தலைமையகம் கொண்டிருந்த சான்டிஸ்க், "கொம்பாக்ட் பிளாஷ்" என்னும் அட்டையை 1994இல் அறிமுகம் செய்தது. அதே துறையில் போட்டியிட்ட லெக்சார் நிறுவனம், 2006இல் மைக்ரோன் நிறுவனத்துடன் இணையும் வரை ஃப்ரீமான்டைத் தலைமையகமாகக் கொண்டிருந்தது. மலைகளுக்கு அப்பாலுள்ள சாண்டா குரூஸ் நகரில் 1997 ஜூன் மாதத்தில் பிலிப் கான் என்பவர், மகப்பேற்று மனையில் பிறந்த தம் மகளின் படத்தைக் கையடக்கத் தொலைபேசி மூலம் உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்பினார். கமெராவைத் தனியே சுமக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது எனலாம்.

அதன் விளைவை வணிகம் உணர்ந்தது. யப்பானிய கமெராச் சங்கத்தின் கணக்கின்படி 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட எண்முறைக் கமெராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அத்தொகை 80 இலட்சத்துக்கும் குறைவு. அழிந்தவற்றுட் பெரும்பாலானவை சிறிய, மலிவான கமெராக்களே. ஆகவே இன்று பாரம் குறைந்த கமெராவைத் தேடுவோருக்குத் தெரிவுகள் குறைவு, விலையோ அதிகம்.

பாரம் எங்கிருந்து வருகின்றது?

கமெராவின் எடையை நிர்ணயிப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, ஒளியை வாங்கிப் படமாக்கும் ஒளியுணர் தகட்டின் பரப்பு. மற்றையது, ஒளியை உள்ளே விடும் வில்லையின் வாய். தகடு பெரிதானால் வில்லையும் பெரிதாக வேண்டும். வில்லை என்பது கண்ணாடி, கண்ணாடி பாரமானது. எந்த நிறுவனமும் இவ்விதியை ஏமாற்றிவிட முடியாது.

பழைய 35 மி.மீ. பிலிமின் ஒரு சட்டம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது, பரப்பு 864 சதுர மி.மீ. இதே அளவு தகடு கொண்டவை "முழுச்சட்ட" கமெராக்கள். அடுத்த படியான "ஏ.பி.எஸ்.சி." தகட்டின் பரப்பு சுமார் 366 சதுர மி.மீ. "மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்" எனப்படுவது 225. "ஒரு அங்குலத் தகடு" எனப்படுவது 116. இக்கடைசிப் பெயர் வாங்குவோரை மயக்க வல்லது. பழைய தொலைக்காட்சிக் கமெராக் குழாய்களை அளந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. தகட்டின் மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ. மட்டுமே தேறும்.

எடைகளைப் பார்ப்போம். 2012இல் வெளிவந்து பலரும் வாங்கிய கெனன் 5டி மார்க் 3 மின்கலத்துடன் சுமார் 950 கிராம். அதற்கெனப் பலர் வாங்கிய 24-70 மி.மீ. எஃப் 2.8 வில்லை 805 கிராம். இரண்டும் சேர்ந்து ஒன்றே முக்காற் கிலோ. பை, மேலதிக மின்கலம் என்பன வேறு. இதனைக் கைவிட்டு, உள்ளே ஆடி இல்லாத புதிய வகைக் கமெராவை வாங்கினாற் போதும் என எண்ணுவோர் உளர். 2020இல் வந்த சோனி ஏ7சி 509 கிராமே. ஆனால் அதே 24-70 எஃப் 2.8 வகையில் சோனி 2022இல் வெளியிட்ட வில்லை 695 கிராம். ஆக மொத்தம் 1,200 கிராமுக்கு மேல். உடலின் எடையைக் குறைத்துவிட்டு வில்லையின் எடையை மறந்தால் பயன் சிறிதே.

நான்கு வழிகள்

முதலாவது வழி, ஒரே தூர அளவில் நிலைத்த வில்லை கொண்ட சிறு கமெரா. ரிக்கோ ஜி.ஆர். 3 (2019) மின்கலமும் அட்டையும் சேர்த்து 257 கிராம்; சட்டைப்பையில் அடங்கும். அதனுள் இருப்பதோ பெரிய ஏ.பி.எஸ்.சி. தகடு. அதனைத் தொடர்ந்து 2025இல் வந்த ஜி.ஆர். 4 262 கிராம். கண் வைத்துப் பார்க்கும் சாளரம் இதில் இல்லை, பிளாஷும் இல்லை, மூன்றாம் பதிப்பின் மின்கலம் சுமார் 200 படங்களுக்கே தாங்கும். இதே வழியில் சற்றுப் பெரியது பூஜிபிலிம் எக்ஸ்100-6 (2024). எடை 521 கிராம். சாளரமும் பிளாஷும் உண்டு. வில்லை எஃப் 2 ஆதலால் அதே தகட்டுக்கு இரு மடங்கு ஒளி சேரும். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 1,599 டொலர். ஜி.ஆர். 3 வெளிவந்த விலை 899 டொலர். இரண்டிலும் தூரத்திலுள்ளதை அருகிற் கொணர இயலாது. கால்தான் சூம் வில்லை.

இரண்டாவது வழி, சிறு தகடும் சூம் வில்லையும் கொண்டது. சோனி ஆர்.எக்ஸ்.100-7 (2019) 302 கிராம். பழைய கணக்கில் 24 முதல் 200 மி.மீ. வரை நீளும், சிறு சாளரமும் உள்ளது. கெனன் ஜி7எக்ஸ் மார்க் 3 (2019) 304 கிராம். 24 முதல் 100 வரையே நீளும், ஆனால் ஒளியைக் கூடுதலாக விடும். தகடு ஒரு அங்குல வகை. ஜி.ஆரின் தகட்டோடு ஒப்பிடின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மூன்றாவது வழி, வில்லை மாற்றக்கூடிய இலகுவான கமெரா. கெனன் ஆர்50 (2023) 375 கிராம், அதனுடன் வரும் 18-45 வில்லை 130 கிராம், மொத்தம் 505. ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 4 (2020) 383 கிராம். பிள்ளை வளர வளரத் தேவைகள் மாறும் வீடுகளுக்கு இவ்வழி ஏற்றது. ஆயினும் இவற்றுடன் மலிவாகத் தரப்படும் வில்லைகள் ஒளியைக் குறைவாகவே விடுகின்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நான்காவது வழி, கமெராவே வாங்காமல் விடுவது. கையடக்கத் தொலைபேசி எப்படியும் சட்டைப்பையில் இருக்கின்றது. ஆகவே அதனாற் கூடும் பாரம் பூச்சியம். இதனை இழிவாகக் கருதுவது பொருந்தாது. பகலொளியில் அது எடுக்கும் படம் பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானது. இரவில் பல படங்களை விரைந்தெடுத்து ஒன்றாக்கி ஒளிக்குறையை ஈடு செய்கின்றது. ஆனால் அசையும் பொருளில் இவ்வித்தை தடுமாறும்.

நான்கு இடங்கள், நான்கு சோதனைகள்

இக்கணக்குகள் உண்மையில் எவ்வாறு பொருள்படுகின்றன என்பதை ஃப்ரீமான்டின் நான்கு இடங்கள் காட்டும்.

முதலாவது, மிஷன் பீக் என்னும் குன்று. 2,500 அடிக்கு மேல் உயரமுடையது. ஸ்டான்ஃபோர்ட் அவெனியூ வாயிலிலிருந்து உச்சிக்கு மூன்று மைல், நிழல் அரிது, ஏறக்குறைய இரண்டாயிரம் அடி ஏற வேண்டும். இங்கு ஒன்றே முக்காற் கிலோவுடன் ஏறுபவர் ஒரு முறைதான் ஏறுவார். அடுத்த முறை கமெராவை வீட்டில் விட்டுச் செல்வார். ஒளிக்குக் குறைவில்லாத இவ்விடத்தில் 257 கிராமும் 302 கிராமும் தம் கடமையைச் செவ்வனே செய்யும். ஆனால் காற்றும் தூசும் உண்டு. வில்லை கழற்ற இயலாத கமெராக்களின் உள்ளே தூசி புகுந்தால் வீட்டிலேயே துடைப்பது கடினம். சிறு உறை ஒன்று அவசியம்.

இரண்டாவது, நைல்ஸின் பழைய கடைத்தெரு. அருகருகே மனிதர், கடைகள், ஓடிவரும் பிள்ளைகள். நிலைத்த வில்லை கொண்ட சிறு கமெராவுக்கென்றே அமைந்த களம் எனலாம். பெரிய கமெரா உயர்ந்தால் மனிதர் நிமிர்ந்து நின்று முகத்தை இறுக்கிக் கொள்வர். சிறு கமெரா அவர்களை அவர்களாகவே இருக்க விடும். எடையைப் போலவே தோற்றமும் ஒரு பாரம்தான்.

மூன்றாவது, விரிகுடாவின் சதுப்புநிலம். மாநகரச் சூழலில் அமைந்த தேசிய வனவிலங்குப் புகலிடம் ஒன்றின் தலைமையகம் ஃப்ரீமான்டிலேயே உள்ளது. புகலிடம் என்ற சொல் எமக்குப் புதியதன்று. இங்கே அது கொக்குக்கும் கூழைக்கடாவுக்கும் உரியது. தொலைவில் நிற்கும் பறவையின் முன் ஜி.ஆரும் எக்ஸ்100உம் கைவிரிக்கும், ஆர்.எக்ஸ்.100உம் அரை மனதோடே உதவும். இங்கு பாரத்துக்கும் தூரத்துக்கும் நடுவழி காண்பவை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையினவே. ஒலிம்பஸின் 75-300 வில்லை 423 கிராம்; பழைய கணக்கில் 600 மி.மீ. வரை எட்டும். மேற்கூறிய ஈ-எம்10 உடன் சேர்ந்து 806 கிராம். முழுச்சட்டக் கமெராவுக்கான 600 மி.மீ. எஃப் 4 வில்லை மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல். ஒளியில் இரண்டும் ஒப்பல்ல என்பது உண்மை. ஆயினும் பகற்பொழுதில் அக்குறை பொறுக்கத்தக்கது.

நான்காவது சோதனையே எம்மவருக்கு மிக முக்கியமானது: அரங்கேற்றம். மண்டபம் இருண்டிருக்கும், மேடை தூரத்தில் இருக்கும், ஆடும் பிள்ளை ஒரு கணமும் நிற்பதில்லை. இங்கே இலகுவான கமெராக்களின் எல்லை வெளிப்படுகின்றது. 200 மி.மீ. எஃப் 2.8 வில்லையின் வாய் சுமார் 71 மி.மீ. குறுக்களவு கொண்டது. அதே காட்சியை அதே நெருக்கத்தில் எடுக்கும்போது ஆர்.எக்ஸ்.100-7இன் வாய் 16 மி.மீ. மட்டுமே. பரப்பாகக் கணக்கிட்டால், உள்ளே செல்லும் ஒளியில் ஏறத்தாழ 20 மடங்கு வேறுபாடு. பல தொலைபேசிகளின் முதன்மை வில்லைக்கோ வாய் 4 மி.மீ. அளவே. ஆகவே இலகுவான கமெராவை வாங்கிவிட்டு அரங்கேற்றத்தில் அது தோற்றது எனக் குறை கூறுவது, மாட்டு வண்டி வாங்கி உழவு இயந்திரத்தை எதிர்பார்ப்பது போன்றது. அவ்வொரு நாளுக்குப் பெரிய வில்லையை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது தொழில் தெரிந்தவரை அமர்த்தலாம். ஆண்டில் ஒரு நாளின் தேவைக்காக 364 நாட்களின் படங்களை இழப்பது தக்கதன்று.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

ஒன்று: சென்ற ஆண்டில் எடுக்கத் தவறிய படங்கள் எவை என ஒரு தாளில் எழுதுங்கள். அவை மேசையைச் சுற்றியிருந்தவர்களின் படங்களாயின் நிலைத்த வில்லை போதும். மைதானத்தில் ஓடிய பிள்ளையின் படங்களாயின் சூம் வேண்டும். பட்டியல் சொல்லும் விடையைக் கடைக்காரர் சொல்ல முடியாது.

இரண்டு: நீங்கள் எண்ணியுள்ள கமெராவின் முழு எடையை, வில்லையையும் மேலதிக மின்கலத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். அதே எடை அரிசியை ஒரு சிறு பையிற் கட்டி, நாளாந்தம் கொண்டு செல்லும் பையில் ஒரு வாரம் வைத்துத் திரியுங்கள். வியாழக்கிழமை அதனை வீட்டில் விட்டுச் செல்ல மனம் வந்தால், கமெராவுக்கும் அதே கதிதான்.

மூன்று: கடையிலோ நண்பர் வீட்டிலோ, மஞ்சள் விளக்கொளியில் உங்கள் குடும்பத்தவரின் முகத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். பிலிம் காலத்தில் நிறங்களைச் சரிபார்க்கக் கொடக் அனுப்பிய "ஷெர்லி" அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்களே இடம்பெற்றனர் என்பது வரலாறு. இன்றைய கருவிகள் முன்னேறியுள்ளன. ஆயினும் எமது நிறத்தை வெளிறச் செய்யாமல் உள்ளபடி காட்டுகின்றதா என்பதை நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு: பழைய கமெராவை விற்க அவசரப்பட வேண்டாம். அரங்கேற்றத்துக்கும் திருமணத்துக்கும் அதன் பெரிய வில்லை உதவும். அன்றாடத்துக்குச் சிறியதையும், ஆண்டுக்கு ஓரிரு முறைக்குப் பெரியதையும் வைத்திருப்பதே பல வீடுகளுக்குச் சிக்கனமான வழி.

ஏன் இந்த அக்கறை?

ஒரு கமெராவின் கிராம் கணக்குக்கு இத்தனை பக்கம் தேவையா எனச் சிலர் எண்ணக்கூடும். புலம்பெயர்ந்தோர் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பகுதியைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். அங்கே அச்சாகும் முகங்களிற் பல, அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ எடுக்கப்பட்ட சிறு படத்தைப் பெருப்பித்தவை. எழுபது எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, சிரித்து, சமைத்து, சண்டையிட்டு, பிள்ளைகளை வளர்த்த ஒருவரின் எஞ்சிய முகம், அரச அதிகாரி ஒருவருக்காக இறுக்கமாக நின்ற முகம்.

இதற்கு எம்மவர் கவலையீனம் காரணமன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது சிலர் அல்பத்தைத் தூக்கினர். பலர் பிள்ளைகளைத் தூக்கினர். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது அதற்கும் அவகாசம் இருக்கவில்லை. எதனைச் சுமக்கலாம், எதனை விடலாம் என்ற கேள்வியை எமது சமூகம் கடையில் நின்று கற்றுக்கொள்ளவில்லை.

இன்று படம் எடுக்கத் தடையில்லை. தாய் வாசலில் இருந்து கீரை ஆய்வதும், தந்தை கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பத்திரிகை வாசிப்பதும் பெருவிழாக்கள் அல்ல. அவற்றுக்காக எவரும் அலுமாரியைத் திறந்து ஒன்றே முக்காற் கிலோவை எடுத்து வரப் போவதில்லை. கைக்கெட்டிய தூரத்தில், பாரமில்லாத ஒன்று இருந்தால் மட்டுமே அப்படம் பிறக்கும்.

பிறந்த படத்தைக் காப்பதும் எமது பொறுப்பே. ஒவ்வோர் ஆண்டும் இருபது படங்களையாவது தெரிந்து தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் ஊரும் திகதியும் பென்சிலால் எழுதி வையுங்கள். எல்லாப் படங்களுக்கும் இரு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு நகரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தவை ஒரே நாளில் அழிந்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

257 கிராமா, 521 கிராமா, தொலைபேசியே போதுமா என்பதை அவரவர் தேவையும் பணப்பையும் தீர்மானிக்கட்டும். அலுமாரியில் இருக்கும் கமெரா எத்தனை மெகாபிக்சல் கொண்டதாயினும், அது எடுக்கும் படங்களின் எண்ணிக்கை பூச்சியமே.